முகம் வீட்டுக்கு

ஜனவரி 5, 2020, ஞாயிறு

படிப்பகத்துக் குரூப் போட்டோவை இமானுவேல் சித்தப்பா இன்று என் தலையில் கட்டிவிட்டார். படிப்பகத்துக்கு அவர்தான் செயலாளர். "நீதான் பெங்களூர்ல போட்டோ வேல செய்றியே யசோ, இத்த கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடும்மா" என்றார். நான் செய்வது கல்யாண ஆல்பம். பெண்ணைச் சிவப்பாக்குவது, மாப்பிள்ளைத் தொப்பையைக் கரைப்பது, வராத சித்தப்பனை வந்தமாதிரி நிற்கவைப்பது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஆல்பம் போட்டவள் என் கல்யாணத்தை மட்டும் மறந்துவிட்டேன். அது போகட்டும்.

படம் 1967 பொங்கலுக்கு எடுத்தது, புத்தொளிப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில். தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள், ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்து பேப்பர் படிப்பதற்காகத் தாங்களே கல் சுமந்து கட்டிய இடம் அது. வட ஆற்காட்டுச் சேரியில் இவர்களுடைய தாத்தாக்களை எவனும் உட்காரச் சொன்னதில்லை. இந்தப் படத்தில் முன் வரிசை முழுக்க நாற்காலி. வெள்ளைச் சட்டை, கால்மேல் கால். பார்த்தாலே எனக்குத் திமிர் ஏறும்.

முகங்கள்தான் இல்லை. மூன்று வரிசையிலும் கழுத்துக்கு மேலே ஓட்டை. படிப்பகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உறுப்பினர் இறந்துபோனால் அவர் வீட்டில் மாலை போட வேறு படம் இருக்காது. கமிட்டி கூடி, பிரேமைக் கழற்றி, அவர் முகத்தை மட்டும் பிளேடால் வெட்டிக் கொடுத்துவிடும். 'முகம் வீட்டுக்கு' என்று அதற்குப் பெயர். டவுன் ஸ்டுடியோக்காரர் அந்த முகத்தைத் தன்னிடமிருந்த ஒரு கோட்டுப் படத்தின்மேல் ஒட்டி, சுற்றிப் பெயின்ட் அடித்து, உள்ளங்கை அகலத்துக்குப் பிரேம் போட்டுத் தருவார். அதனால் சுரங்கக் கம்பெனி கட்டிய எங்கள் லைன் வீடுகளில் செத்துப்போனவர்கள் எல்லோருக்கும் ஒரே கோட்டு, ஒரே பட்டன், பையில் ஒரே ரோஜா.

இரண்டாம் வரிசையில் வலது ஓரத்து ஓட்டை என் அப்பா. கீழே தம்புசாமி என்று அச்சடித்திருக்கிறது. எனக்கு ஒரு வயது இருக்கும்போது சுரங்கத்தில் பாறை வெடித்து இறந்தார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. முன்னால் இருப்பவரின் நாற்காலி முதுகில் வைத்த கை மட்டும் படத்தில் மிச்சம். சின்ன வயதில் படிப்பகத்துக்குப் போய் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வருவேன்.

இன்றும் அம்மாவிடம் கேட்டேன்.

"உங்கப்பாரு மொகம் நம்ம வூட்டுக்கு வரல" என்றாள். சொல்லிவிட்டு, துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

ஜனவரி 11, சனி

பெங்களூரிலிருந்து நந்திதா மேடம் வந்திருந்தார். சுரங்கத்துப் பழைய படங்களை வைத்து அங்கே ஒரு பெரிய கண்காட்சி நடத்துகிறாராம். எங்கள் படத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துவிட்டார். கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசினார். காலம் அழித்த முகங்களாம். இந்த ஓட்டைகள்தான் படத்தின் பலமாம். எதையும் தொடாமல் இப்படியே ஒரு முழுச் சுவரில் மாட்டவேண்டுமாம். கீழே வைக்கப்போகும் வாசகத்தையும் காட்டினார்: 'அடையாளம் தெரியாத சுரங்கத் தொழிலாளர்கள்.'

எனக்கு ஏறியது பாருங்கள்.

"யாருக்கு மேடம் தெரியாது? பேரு கீழயே அச்சடிச்சிருக்கு. காலமும் அழிக்கல. நாங்கதான் பிளேடு வெச்சி வெட்னோம். ஒவ்வொரு மொகமும் ஒவ்வொரு வூட்ல மாலையோட கீது."

சித்தப்பா என் முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்தார். நான் நிற்கவில்லை. எல்லா முகத்தையும் நானே கொண்டுவந்து சேர்த்துத் தருகிறேன், முழுப் படத்தையும் பெயரோடு மாட்டுங்கள் என்றேன். மேடம் கெட்டவர் இல்லை, யோசித்தார். திறப்பு விழா பிப்ரவரி 23. அதற்கு ஒரு வாரம் முன்னால் முழுசாக வந்தால் மாட்டுவதாகச் சொன்னார். ஒரு முகம் குறைந்தாலும் அரைகுறையாகத் தெரியும், அப்போது ஓட்டைப் படமே இருக்கட்டும் என்றார். சரி என்று கையடித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் இரண்டாம் வரிசை வலது ஓரம் ஞாபகம் வந்தது. வாய்க்கு ஒரு பூட்டு வாங்கவேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

ஸ்கேனரை அரிசிப் பையில் போட்டுக்கொண்டு லைன் லைனாக அலைந்தேன். மாலையை எடுங்கள் என்றால் முதலில் முறைக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் அழுகிறார்கள். பிறகு சாப்பிடச் சொல்கிறார்கள். மூன்று வீட்டில் மாட்டுக்கறி வறுவல். நான்காவது வீட்டில் வயிற்றில் இடமில்லை என்றேன், கோபித்துக்கொண்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

முகங்கள் ஓட்டைகளில் அச்சாகப் பொருந்துகின்றன. பிளேடு வழுக்கிய இடம்கூடச் சேர்கிறது. ஆனால் ஸ்டுடியோக்காரர் எல்லார் கன்னத்திலும் ரோஸ் பெயின்ட் அப்பியிருக்கிறார். கம்ப்யூட்டரில் அதைச் சுரண்டி எடுக்க எடுக்க, அடியில் கறுப்பு பளபளவென்று வருகிறது. ஆழத்துச் சூட்டில் வெந்த கறுப்பு.

சித்தப்பா பார்த்துவிட்டு, "கொஞ்சம் கலரா வெச்சிடும்மா, பெரிய எடத்துல மாட்டப்போறாங்க" என்றார். மாதம் முழுக்கச் சம்பளத்துக்கு ஊராரை வெளுக்கிறேன் சித்தப்பா, நம் ஆட்களையாவது கறுப்பாக விடுங்கள் என்றேன். அவருடைய அப்பாவும் படத்தில் இருக்கிறார், முன் வரிசையில். ஸ்கிரீனில் அவர் கன்னத்தைச் சித்தப்பா விரலால் தொட்டார். அதற்குமேல் கலர் பற்றிப் பேசவில்லை.

ஜனவரி 22, புதன்

காலை ரயிலில் நின்றுகொண்டே பெங்களூருக்கு வேலைக்குப் போனேன். சாயங்காலம் நின்றுகொண்டே வந்தேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

மீதி இரண்டே ஓட்டை. அப்பா ஒன்று, பொன்னுரங்கம் ஒன்று. பொன்னுரங்கம் அப்பாவின் உயிர்க் கூட்டாளி. அதே பாறை வெடிப்பில் அதே நாளில் செத்தவர். கல்யாணம் ஆகாதவர். அவர் தம்பி மகன் தயாளன் பங்காருப்பேட்டையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார் என்று தெரிந்து இன்று போனேன்.

"எங்க பெரியப்பாதான்கா எங்களுக்குக் குலசாமி" என்றார் தயாளன். சாமி படங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள். பிரேமின் கீழ்மூலையில் ஒரு செதில் பெயர்ந்து, அந்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. தயாளனின் பாட்டிக்குக் கண் தெரியாதாம். சாகும்வரை மகன் படத்தை மடியில் வைத்து அந்த மூலையைத் தடவிக்கொண்டே இருப்பாராம்.

அப்பா படம் பற்றியும் கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை என்றார்.

பிப்ரவரி 5, புதன்

சாப்பாட்டு நேரத்தில் பெங்களூர் போட்டோ லேபிலேயே பொன்னுரங்கத்தைச் சுத்தம் செய்தேன். இருப்பவர்களிலேயே எனக்கு இவரைத்தான் பிடித்துப்போனது. வலது புருவம் மட்டும் கொஞ்சம் தூக்கி நிற்கிறது, போட்டோக்காரனை நம்பாத மாதிரி. இவ்வளவு நேரம் பொத்திப் பொத்தி நான் வேறு எந்த முகத்துக்கும் வேலை செய்ததில்லை.

பக்கத்து சீட் ஷபானா எட்டிப் பார்த்து, "யாருக்கா இது, உங்க அண்ணனா?" என்றாள்.

உங்களுக்கெல்லாம் கறுப்பாக இருந்தால் எல்லோரும் அண்ணன் தம்பிதான் என்று ஒரு வாங்கு வாங்கினேன். பாவம், அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டாள். நாளைக்குச் சமாதானம் செய்யவேண்டும்.

பொன்னுரங்கம் ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் வரிசை, புத்தக அலமாரிப் பக்கம்.

பிப்ரவரி 8, சனி

அப்பா கிடைக்கவில்லை. கேட்காத வீடு இல்லை. சுரங்கத்து அடையாள அட்டை இருக்குமா என்று பழைய ஆட்களிடம் விசாரித்தேன். இல்லை. இன்னும் எட்டு நாள்.

"உன் மூஞ்சிலயே ஒரு மீசைய வெச்சி ஒட்டிடேன், யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் சித்தப்பா. எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டு அப்பாவை மட்டும் ஏமாற்றச் சொல்கிறீர்களா என்று கத்திவிட்டேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அப்படியே விட்டேனா? ஆதார் போட்டோவை எடுத்து மீசை வைத்துத்தான் பார்த்தேன். பொன்னுரங்கம் மாதிரி இருந்தது. ஒரு மாதமாக இதே முகங்களைப் பார்த்துப் பார்த்து என் கண் கெட்டுப்போய்விட்டது. அழித்துவிட்டேன்.

அப்பா மட்டும் ஓட்டையாகவே இருந்துவிட்டால், அவரால் மற்ற எல்லோரும் மறுபடி 'அடையாளம் தெரியாதவர்கள்' ஆகிவிடுவார்கள். இதைவிட எனக்கு வேறு அவமானம் வேண்டாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் முகங்களைப் பெரிதாக பிரிண்ட் போட்டதைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தேன். அம்மா மடித்த துணியைக் கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள். துணி கீழே விழுந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், வீட்டுக்கு ஆண்பிள்ளை யாரோ வந்துவிட்டது போல.

"இவர எங்கமே புட்ச்ச?" என்றாள். பொன்னுரங்கத்தின் படத்தைக் காட்டி.

பங்காருப்பேட்டையில் என்றேன். பொன்னுரங்கம் என்றேன்.

"பொன்னுரங்கம் இல்ல. இது உங்கப்பாரு."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

போட்டோ எடுத்த அன்று அப்பாவின் சட்டைக் கை கிழிந்திருந்தது. வலது ஓரத்தில் நின்றால் கிழிசல் தெரியும் என்று பொன்னுரங்கத்தோடு இடம் மாறிக்கொண்டார். அலமாரிப் பக்கம் ஒருவர் தோளுக்குப் பின்னால் கை மறைந்துவிட்டது. பெயர் மட்டும் பழைய வரிசைப்படியே அச்சாகிவிட்டது. அன்று ராத்திரி அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். அடுத்த வருஷம் இருவரும் ஒன்றாகச் செத்தபோது, கமிட்டி ஆட்கள் எல்லோரும் உடல் எடுக்கச் சுரங்கத்துக்குள் இறங்கியிருந்தார்கள். ஸ்டுடியோக்காரர் தனியாக உட்கார்ந்து, கீழே இருந்த பெயரைப் பார்த்து முகத்தை வெட்டினார். பொன்னுரங்கம் முகம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா முகம் கண் தெரியாத அந்த அம்மாவிடம் போனது; அந்த வீட்டில் மிச்சம் இருந்த தம்பி அப்போது நாலு வயதுப் பிள்ளை.

"கண்ணு தெரியாதவங்கதானே? மாத்தி வெச்சிட்டு வந்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"அத்தான் நெனச்சிகினு போனேன். ஒன்ன இடுப்புல வெச்சிகினு, அந்தப் படத்த முந்தானைல மறச்சிகினு போனேன். அந்தம்மா மடியில உங்கப்பார வெச்சிகினு குந்திகினு இருக்கா. பிரேம் மூலையில செதில் பேந்திருந்துச்சு. அத்த தடவித் தடவி, எம்புள்ள வூட்டுக்கு வந்துட்டான், எம்புள்ள வூட்டுக்கு வந்துட்டான்னு சொல்லிகினே கீறா. வேற பிரேம வெச்சா வெரலுக்குத் தெரிஞ்சிடும். எப்பிடிமே புடுங்கறது?"

"அந்தம்மா செத்தப்புறமாவது கேட்டிருக்கலாம்."

"கேட்டு? நீ இம்மா நாளு கொஞ்சுனது உம் புள்ள இல்லன்னு, செத்தவள ஏமாந்தவளா ஆக்கணுமா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம், ஒரே ஒரு தடவை தூரத்திலிருந்தாவது காட்டியிருக்கலாம் என்று கத்தினேன்.

"சொல்லிருந்தா நீ போய் புடுங்கிகினு வந்திருப்ப" என்றாள்.

வந்திருப்பேன்தான்.

அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து பட்டுத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். கோட்டு, பட்டன், ரோஜா. நான் பார்த்தேயிராத ஒரு முகம். ஒவ்வொரு வருஷமும் அப்பா திதிக்கு இலை போட்டு, கூடவே ஒரு பீடிக்கட்டும் வைப்பாள். பீடி குடிக்காத மனுஷனுக்கு எதற்கம்மா பீடி என்று நான் கேலி செய்திருக்கிறேன். அது பொன்னுரங்கத்துக்கு. அங்கே உன் அப்பாவுக்கு அவர்கள் போடுகிறார்கள், இங்கே இவருக்கு நான் போடுகிறேன், ரெண்டு பேரும் பட்டினி இல்லை என்றாள்.

நான் அழுதேன். சத்தம் போட்டே அழுதேன்.

பிப்ரவரி 10, திங்கள்

லேபுக்குப் போகவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

டிரங்குப் பெட்டிப் படத்தை ஸ்கேன் செய்து வலது ஓரத்து ஓட்டையில் வைத்தேன். காதோரம் பிளேடு கோணலாகப் போன இடம்வரை பொருந்துகிறது. படம் நிறைந்துவிட்டது.

அந்தக் கை பொன்னுரங்கத்தின் கை. இத்தனை வருஷம் கூட்டாளியின் கையைப் பார்த்து அப்பா என்று நினைத்திருக்கிறேன். பரவாயில்லை. நல்ல கை.

சட்டப்படி வேலை முடிந்தது. மேடத்துக்கு அனுப்பிவிடலாம். ஆனால் பங்காருப்பேட்டையில் ஒரு குடும்பம் என் அப்பாவை அவர்கள் பெரியப்பா என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் சொல்லாமல் பெயரை மாற்றிச் சுவரில் மாட்டினால் நானும் அந்த ஸ்டுடியோக்காரரும் ஒன்றுதான். தயாளன் வேண்டாம் என்றால் என்ன செய்வேன்? தெரியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

லேபிலிருந்து திரும்பும்போது பங்காருப்பேட்டையில் இறங்கினேன். சொல்லி முடிக்கும்வரை தயாளன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நாங்க கும்புட்டது?"

"எங்கப்பாவ."

"என் பொண்ணு பரீட்ச எழுதப் போறப்பல்லாம் இவர் காலத் தொட்டுட்டுத்தான்கா போவா. இவருக்குக் காலே இல்ல, கோட்டுதான். அப்பவும் பிரேம் அடியத் தொடுவா."

டிரங்குப் பெட்டிப் படத்தை நீட்டினேன். தயாளன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். சட்டென்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "ஏய் லில்லி, வந்து பாரு! எங்கப்பா மூக்குடீ! அப்பிடியே எங்கப்பா மூக்கு!"

அவர் மனைவி வந்து பார்த்தாள். அவர் மூக்கையும் பார்த்தாள். சிரித்துவிட்டாள். தயாளன் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. சங்கடமாக இருந்ததால் கொடுத்த காப்பியை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

"சுவத்துல சரியா போடுங்கக்கா. ஆனா ஒண்ணு, உங்கப்பாவ முழுசா அனுப்ப மாட்டேன். ஒரு காப்பி எங்க வூட்ல இருக்கணும்" என்றார்.

பிப்ரவரி 15, சனி

தயாளன் குடும்பத்தோடு வந்தார். பிரேமைப் புதுத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போலத் தூக்கிவந்தார். லைன் முழுக்க வாசலில் நின்று பார்த்தது.

அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மூலையில் தேய்ந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்கு எழுபத்திரண்டு, அவருக்கு இருபத்தாறு.

"இம்மா சின்னப் புள்ளையா இருந்தாரா?" என்று என்னிடம் கேட்டாள்.

பதிலுக்கு அவள் பெட்டிப் படத்தை, பட்டுத் துணியோடு, தயாளன் கையில் கொடுத்தாள். பீடி பற்றியும் மறக்காமல் சொல்லி அனுப்பினாள். இனி எங்கள் வீட்டில் இருவரும், அவர்கள் வீட்டில் இருவரும். காப்பி எடுப்பதுதானே என் தொழில்.

பிப்ரவரி 16, ஞாயிறு

படத்தையும், இரண்டு பெயர் இடம் மாறிய கதையையும் அனுப்பிவிட்டேன். மேடம் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "நான் தப்பு, யசோதரை" என்றார், தமிழில். என் முழுப் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலை ரயிலில் ஒரு பெட்டி முழுக்க நாங்களே. பட்டுப்புடவை, இஸ்திரி போட்ட சட்டை, தூக்குப் பாத்திரத்தில் பிரியாணி. சித்தப்பா கோட்டு போட்டிருந்தார். ஸ்டுடியோக் கோட்டா என்று கேட்டேன். சண்டை தீர்ந்தது.

அந்த இடத்தில் எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசுகிறார்கள். நாங்கள் நுழைந்ததும் அது போயிற்று. சுவர் அகலத்துக்கு நிற்கிறார்கள் எங்கள் ஆட்கள். ஒருவர் முகமும் குறையவில்லை. அவ்வளவு கறுப்பு, அவ்வளவு வெள்ளைச் சட்டை. பேரப்பிள்ளைகள் ஓடிப்போய் அவரவர் ஆளுக்கு நேராக நின்றார்கள். "எங்க தாத்தா!" "அது எங்க மாமனாரு!" செக்யூரிட்டி வாயில் விரலை வைத்தான். மேடம் அவனைத் தடுத்துவிட்டார். ஒரு அம்மா கொண்டுவந்திருந்த மாலையை எங்கே போடுவதென்று தெரியாமல் மேடத்தின் கழுத்திலேயே போட்டுவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்தான் செய்தேன், நானே செய்தேன் என்று ஷபானாவிடம் நாலு தடவை சொன்னேன். அவளும் வந்திருந்தாள். "உங்க அண்ணன் எங்கக்கா?" என்று கேட்டுக் கிள்ளினாள்.

சுவரில் பெயர்கள் ஏறிவிட்டன. இரண்டு பெயருக்கு மட்டும் இடம் வெறுமையாக விட்டிருந்தார்கள். அந்த வீட்டு ஆள் வந்து சொன்னபிறகுதான் ஒட்டுவேன் என்று மேடம் சொல்லிவிட்டாராம். தயாளன் தன் பெரியப்பா பெயரைச் சொல்லி முடித்ததும், மேடம் அம்மாவைக் கைபிடித்துச் சுவருக்கு அருகே கூட்டிப்போனார்.

"இதுல உங்க வீட்டுக்காரர் யாரும்மா?"

அம்மா அலமாரிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"பேரு?"

நான் வாயைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், எங்கே கேட்டாலும் அம்மா என்னைத்தான் திரும்பிப் பார்ப்பாள். அவள் தலைமுறையில் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். என் வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரை அவளுக்காக நான்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்புசாமி" என்றாள். யாருக்காவது கேட்காமல் போயிருக்குமோ என்று நினைத்தாளோ என்னவோ, நிமிர்ந்து இன்னும் சத்தமாகச் சொன்னாள். "தம்புசாமி. என் வூட்டுக்காரரு."

மேடம் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒட்டினார். கடைசி எழுத்து ஒட்டி முடியும்வரை அம்மா நகரவில்லை.